எல்.எம்.பி. தேதியா, ஸ்கேன் தேதியா? கர்ப்ப நாளை எண்ணும் வழிகள்

கணவருக்குத் துபாயில் வேலை. லீவில் ஊருக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. மனைவிக்கு நாள் தள்ளிப்போய், டெஸ்ட் எடுத்து, டாக்டரிடம் போனால் சீட்டில் ‘5 வாரம்’ என்று எழுதித் தருகிறார். இதை வைத்து வீட்டில் முணுமுணுப்பு கிளம்பிய கதைகள் நம் பக்கம் நிறைய உண்டு. டாக்டர் எழுதியதும் சரி, கணவர் வந்த நாளும் சரி. மருத்துவக் கணக்கில் கர்ப்பத்தின் முதல் நாள் என்பது கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாள், அதாவது எல்.எம்.பி. 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருபவருக்குக் கரு உருவாவது அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். ஆக, கணக்கில் சேரும் முதல் இரண்டு வாரம் வயிற்றில் கருவே கிடையாது.

அப்படியானால் கரு உருவான நாளிலிருந்தே எண்ணலாமே? அந்த நாள் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மாதவிலக்கு வந்த நாள் பெண்ணுக்குத் தெரியும். மெஷின், ரத்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம். ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஃபிரான்ஸ் கார்ல் நேகலே 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: அந்தத் தேதியோடு 7 நாள் கூட்டி, 3 மாதம் பின்னால் போனால் பிரசவத் தேதி. மார்ச் 10 என்றால் டிசம்பர் 17. ஆனால் முழுக் கர்ப்பகாலம் என்று வைத்திருக்கும 40 வாரத்தை, அதாவது 280 நாளை, அதே மார்ச் 10இலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினால் டிசம்பர் 15தான் வரும். எல்லா மாதத்துக்கும் நாள்கள் ஒன்றுபோல இல்லாததால் நேகலே கணக்கு 280 முதல் 283 நாள் வரை எங்காவது போய் நிற்கும். போனில் உள்ள இரண்டு ஆப் இரண்டு தேதி காட்டினால் பெரும்பாலும் விஷயம் இவ்வளவுதான்.

இந்தக் கணக்கின் உண்மையான ஓட்டை வேறு. எல்லாருக்கும் 28 நாள் சுழற்சி, 14ஆம் நாள் கருமுட்டை வெளிவரும் என்று அது எடுத்துக்கொள்கிறது. பி.சி.ஓ.டி. எனும் சினைப்பை நீர்க்கட்டி இருப்பவர்கள், 40 நாளுக்கு ஒருமுறை விலக்காகிறவர்கள், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி உண்டானவர்கள், கருத்தடை மாத்திரையை அப்போதுதான் நிறுத்தியவர்கள், இவர்களுக்கெல்லாம் இது சரிப்பட்டு வராது. தவிர, “பொங்கலுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி வந்துச்சு டாக்டர்” என்பதுதான் பலரின் பதில். அதை வைத்து எழுதும் தேதியும் அந்த அளவுக்குத்தான் இருக்கும்.

இங்கேதான் ஆரம்ப ஸ்கேன் முந்துகிறது. முதல் மூன்று மாதத்தில் சிசுவின் தலை உச்சியிலிருந்து புட்டம் வரை நீளத்தை அளக்கிறார்கள், ரிப்போர்ட்டில் சி.ஆர்.எல். என்று இருக்கும். 1970களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மருத்துவர் ஹியூ ராபின்சன் இந்த அளவை வைத்து நாள் கணிக்கும் முறையை வகுத்தார். அந்தப் பருவத்தில் எல்லாச் சிசுவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளரும். தாத்தா ஆறடியா, அம்மா சரியாகச் சாப்பிட்டாளா என்பதெல்லாம் அப்போது அளவில் பெரிதாகத் தெரியாது. அதனால் 5 முதல் 7 நாள் பிசகுக்குள் வயதைச் சொல்லிவிட முடிகிறது.

அதே மார்ச் 10 பெண்ணுக்கு 40 நாள் சுழற்சி என்று வைத்துக்கொள்வோம். மே 19இல் ஸ்கேன். எல்.எம்.பி.படி சரியாக 10 வாரம். ஆனால் சி.ஆர்.எல். சுமார் 18 மில்லிமீட்டர்தான், அதாவது 8 வாரம் 2 நாள். வீட்டில் உடனே “குழந்தை வளரலையா?” என்று பயம் வரும். இதயத் துடிப்பு நன்றாக இருந்தால், கருமுட்டை 12 நாள் தாமதமாக வெளிவந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம். பிரசவத் தேதி டிசம்பர் 27க்கு நகரும், அவ்வளவுதான். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, 9 வாரத்துக்குள் 5 நாளுக்கு மேலும், 9 முதல் 14 வாரத்துக்குள் 7 நாளுக்கு மேலும் வித்தியாசம் இருந்தால் ஸ்கேன் தேதிக்கு மாற வேண்டும். அதற்குள் அடங்கினால் எல்.எம்.பி. தேதியே நிற்கும்.

குழப்பம் மலைபோல் வருவது இதற்குப் பிறகுதான். ஏழாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று ஒவ்வொரு ஸ்கேனிலும் மெஷின் ஒரு புதுப் பிரசவத் தேதியை அச்சடித்துத் தரும். ‘எல்.எம்.பி.படி 32 வாரம், ஸ்கேன்படி 30 வாரம்’ என்று. பார்த்த சொந்தக்காரர்கள் “தேதி பதினஞ்சு நாள் தள்ளிப்போச்சாம்” என்பார்கள். அப்படி எதுவும் தள்ளிப்போகவில்லை. அந்தப் பருவத்தில் மெஷின் அளப்பது தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு. இவை குழந்தைக்குக் குழந்தை மாறும். கணிப்பில் மூன்று வாரம்வரை பிசகலாம். ஆரம்ப ஸ்கேன் கணக்குப்படி இப்போது 32 வாரம் ஆன குழந்தை 30 வார அளவில் இருந்தால், கேட்க வேண்டிய கேள்வி வளர்ச்சி குறைவா என்பதுதான். வயதைக் குறைத்து எழுதினால் அந்தக் கேள்வியே எழாமல் போய்விடும். நோஞ்சான் குழந்தை காகிதத்தில் இயல்பான குழந்தையாகிவிடும். என் பார்வையில் இந்த ஒப்பீட்டில் மிக மோசமான முறை இதுதான்: ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு புதுத் தேதி.

இன்னொரு சங்கதி. பல ஸ்கேன் மெஷின்களில் கர்ப்ப வயதைக் கணிக்க இருக்கும் ஹேட்லாக் சூத்திரம் அமெரிக்கப் பெண்களிடம் எடுத்த அளவுகளிலிருந்து வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் ஃபரிதாபாத்தில் உள்ள மத்திய அரசின் டி.ஹெச்.எஸ்.டி.ஐ. நிறுவனமும் சேர்ந்து, இந்தியக் கர்ப்பிணிகளின் தரவை வைத்து ‘கர்பிணி-ஜி.ஏ.2’ என்ற கணிப்பு மாதிரியை 2024இல் வெளியிட்டன. முதல் ஸ்கேனையே தாமதமாக எடுக்கிறவர்களுக்கு இப்படி ஒன்று அவசியம் தேவை.

ஐ.வி.எஃப். கர்ப்பத்தில் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. ஐந்து நாள் வளர்ந்த கருவை உள்ளே வைத்தால் அந்த நாளோடு 261 நாள் கூட்டினால் பிரசவத் தேதி, மூன்று நாள் கருவென்றால் 263. ஐந்து நாள் கருவை வைத்த அன்றே கர்ப்பத்துக்கு 2 வாரம் 5 நாள் வயது என்பது கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் இருப்பதிலேயே துல்லியம் இதுதான்.

நர்சம்மா டேப் வைத்து வயிற்றை அளப்பதும் குழந்தையின் முதல் அசைவும் துணைச் சாட்சிகள் மட்டுமே. சுமார் 20 வாரத்தில் கருப்பை தொப்புள் உயரத்துக்கு வரும்; முதல் பிரசவக்காரிக்கு அசைவு 18 முதல் 20 வாரத்தில் தெரியும். கணக்கு அடியோடு தப்பியிருந்தால் காட்டிக்கொடுக்கும், அதற்கு மேல் உதவாது.

பாட்டிகளின் மாசக் கணக்குக்கு வருவோம். “ஒம்பது முடிஞ்சு பத்து நடக்குது” என்பதில் தவறே இல்லை. 280 நாள் என்பது ஒன்பது மாதமும் ஒரு வாரமும். நடப்பு மாதத்தைச் சேர்த்தால் பத்து. ஜப்பானிலும் நாலு வாரம் ஒரு மாதம் என்று வைத்துப் பத்து மாதமாகத்தான் எண்ணுகிறார்கள். வளைகாப்புக்கு நாள் குறிக்க இது போதும். ஆனால் ‘ஏழு மாசம்’ என்பது ஏழு முடிந்ததா, நடக்கிறதா என்பதில் ஒரு மாத இடைவெளி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வாரத்தில் சொல்வதே நல்லது. வாரத்திலும் ஊருக்கு ஊர் மாறும்: பிரான்ஸில் நிறைவு என்பது எல்.எம்.பி.யிலிருந்து 40க்குப் பதில் 41 வாரம்.

ஆக, 13 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்து, அதை எல்.எம்.பி.யோடு ஒப்பிட்டு ஒரு தேதியை முடிவு செய்து, அப்புறம் அதைத் தொடாமல் விடுவதற்கே என் ஓட்டு. அந்தத் தேதியன்றே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான் என்பது வேறு விஷயம். 37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைப்பிரசவம், 42ஐத் தாண்டினால் ஆபத்து, கருக்கலைப்புச் சட்டத்தின் 20 வாரம், 24 வாரம் என்ற வரம்புகள், பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கக்கூடிய பேறுகால விடுப்பு எல்லாமே இந்த ஒரு தேதியை வைத்துத்தான் நடக்கும். ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்குப் போய் ஆஸ்பத்திரி மாறுகிறவர்கள் கடைசி ஸ்கேனை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பைலில் முதலில் இருக்க வேண்டியது அந்த முதல் ஸ்கேன் ரிப்போர்ட்.