புதுச்சொல்லா, பொருளைச் சொல்லும் பெயரா?

டிரேட்மார்க் எடுக்கப்போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்: கோடாக் மாதிரி அர்த்தமே இல்லாத புதுச்சொல், இல்லை விற்பது என்ன என்று தானே சொல்லிவிடும் பெயர்.

செலவு: புதுச்சொல்லை மனதில் பதிய வைக்க விளம்பரத்துக்குக் கொட்டித்தான் ஆக வேண்டும். மற்றதற்கு அந்தத் தொல்லை குறைவு.

பதிவு: புதுச்சொல் சுலபம். பொருளைச் சொல்லும் பெயர் இழுபறிதான்; ஓட்டல் அறை முன்பதிவுத் தளமான புக்கிங்.காம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 2020-இல் ஜெயித்தது, அதுவும் வாடிக்கையாளர்கள் அதைப் பொதுச்சொல்லாக (அந்த வகைப் பொருளுக்கோ சேவைக்கோ எல்லோரும் சொல்லும் பெயராக) பார்க்கவில்லை என்பதால்.

ஆயுள்: வேடிக்கையே இங்கேதான். பாதுகாப்பான புதுச்சொல்தான் புகழ் கூடக்கூட ஆபத்தில் விழுகிறது, ஏனென்றால் அந்தப் பொருளுக்கு வேறு பெயரே இல்லாதபோது மக்கள் இதையே பெயராக்கிவிடுவார்கள். எஸ்கலேட்டர் என்ற பெயரின் மேலிருந்த டிரேட்மார்க் உரிமையை ஓடிஸ் நிறுவனம் 1950-இல் இழந்தது, தன் விளம்பரத்திலும் காப்புரிமை ஆவணத்திலும் தானே அதைப் பொதுச்சொல்லாக எழுதியிருந்தது (சொந்தக் காசில் சூனியம்!). ஆஸ்பிரின் அமெரிக்காவில் 1921-லேயே பொதுச்சொல், கனடாவில் இன்றும் பேயர் என்ற மருந்து நிறுவனத்தின் டிரேட்மார்க்.

சின்னம் வைத்தால் தப்பிக்கலாமா? எளிமையாக இருந்தால் அதுவும் சந்தேகம்தான். எந்தத் திசையிலும் போடலாம் என்று அடிடாஸ் பதிந்த மூன்று கோடுகளுக்குத் தனித்தன்மை (பார்த்ததுமே இன்ன நிறுவனத்துடையது என்று தெரிவது) நிரூபிக்கப்படவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது.

சரி, எதை எடுப்பது? சின்ன வியாபாரம், உடனே புரிய வேண்டும் என்றால் பொருளைச் சொல்லும் பெயர் போதும், ஆனால் அடுத்தவர் அதே சொல்லைப் போட்டால் தடுப்பது கஷ்டம். நீண்ட நாள் திட்டமென்றால் புதுச்சொல்தான். பொருளே புதிது என்றால் அதற்கொரு பொதுப்பெயரையும் முதல் நாளே சேர்த்து அச்சடித்துவிடுங்கள்.