நெட்வொர்க்எக்ஸ்: அளவு எழுதாத குழாய்

குழாய் வலையில் அதிகபட்சம் எவ்வளவு தண்ணீர் போகும் என்று பார்க்க பைத்தானில் எதை எடுக்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். பல வருடங்களாக நான் நெட்வொர்க்எக்ஸ் என்ற பைத்தான் நூலகத்தைத்தான் பயன்படுத்துகிறேன். நிறுவுவதும் எழுதுவதும் எளிது. அதைப் பலரும் சொல்லியாயிற்று. எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு.

குழாய்க்குக் கொள்ளளவு எழுத விட்டுப்போனால், அதை முடிவிலி என்று எடுத்துக்கொள்கிறது! சின்ன வலை ஒன்றைப் பாருங்கள். தொட்டியிலிருந்து மேலத்தெருவுக்கு 8, கீழத்தெருவுக்கு 5. மேலத்தெருவிலிருந்து கீழத்தெருவுக்கு 3. சந்தைக்கு மேலத்தெரு வழியாக 4, கீழத்தெரு வழியாக 6. சரியான விடை 10. அந்த 4 மட்டும் விட்டுப்போனால் விடை 13. எச்சரிக்கை எதுவும் வராது. தொட்டி முதல் சந்தை வரை ஒரு வழி முழுக்க முடிவிலியாக இருந்தால்தான் பிழை காட்டும். ஆவணத்தில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், மறைக்கவில்லை. ஆனாலும் தெரியாத அளவை முடிவிலி என்று வைப்பது எனக்கு ஒப்பவே இல்லை. எக்செல் தாளில் ஒரு கட்டம் காலியாக இருப்பது அன்றாடம் நடப்பதுதானே.

பைத்தானின் இன்னொரு நூலகமான சைப்பையில் அளவு விட்டுப்போன குழாய் இல்லாத குழாய். விடை குறையுமே தவிர கூடாது. முழு எண்ணை மட்டும்தான் ஏற்கும் என்பது அதன் தொல்லை. லிட்டரில் எழுதினால் தீர்ந்தது.

அப்புறம், நெட்வொர்க்எக்ஸின் மினிமம் கட்: எந்தக் குழாய்களை அடைத்தால் ஓட்டம் முழுக்க நிற்குமோ, அப்படிப்பட்ட தொகுப்புகளில் மொத்தக் கொள்ளளவு மிகக் குறைந்தது. இதற்காகவே அதை விட மனம் வரவில்லை. மேலே சொன்ன வலையைக் கொடுத்தால் சந்தையை ஒரு பக்கமும் மற்ற மூன்றையும் மறுபக்கமும் பிரித்துத் தருகிறது. நடுவில் நிற்பவை சந்தைக்குள் நுழையும் இரண்டு குழாய்கள்: 4, 6. அதிகபட்ச ஓட்டமும் மினிமம் கட்டின் மொத்தக் கொள்ளளவும் ஒன்றே என்று கணிதவியலாளர்கள் ஃபோர்டும் ஃபுல்கர்சனும் 1956-இல் காட்டிய சமன் கண்ணெதிரே நிற்கிறது. தொட்டிக் குழாயை எவ்வளவு பெரிதாக்கினாலும் பத்தைத் தாண்டாது. அந்த 4-ஐ 6 ஆக்கினால் 12 வரும். எங்கே செலவு செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

அழுத்தமும் உராய்வும் இந்தக் கணக்கில் கிடையாது. அதற்கு ஈபிஏநெட் என்ற குடிநீர்க் குழாய் வலை மென்பொருள் இருக்கிறது.

நண்பருக்கு என் பதில்: சைப்பையை எடுத்துக்கொள்ளுங்கள்.