ஆறு வயதில் வந்த பல், ஒன்பது வயதில் போனது

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் இருக்கும் தங்கை வீட்டில் இறங்கிய அன்று இரவே மருமகன் பல்வலியில் அழுதான். ஒன்பது வயது. கீழ்க் கடைவாய்ப் பல் நடுவில் கறுத்துக் குடைந்திருந்தது. "பால் பல்தானே அண்ணா, விழுந்து முளைக்கும்" என்றாள் தங்கை.

அது பால் பல் இல்லை. ஆறு வயது வாக்கில் பால் பல் வரிசைக்குப் பின்னால் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். அதற்கு வழிவிட எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் புதிதாக ஒன்று வந்திருப்பதே வீட்டில் பலருக்குத் தெரியாது. மேற்பரப்பில் இருக்கும் குறுகிய பள்ளங்களுக்குள் பிரஷ்ஷின் நாரும் நுழையாது. இனிப்புத் தூக்கலான மைலோ சாக்லேட் பானம் மட்டும் நுழையும்.

முதலில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். எக்ஸ்ரே கூட எடுக்காமல் வேர் சிகிச்சை, அதன்மேல் உறை என்று விலைப்பட்டியலை நீட்டினார்கள். எழுந்து வந்துவிட்டோம்.

அரசு பல் கிளினிக்கில் காத்திருப்பு நீளம்தான், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. மருத்துவர் எக்ஸ்ரே படத்தில் பேனா முனையை வைத்துக் காட்டினார்: ஈறுக்கு அடியில் அடுத்த கடைவாய்ப் பல் படுத்திருக்கிறது, அதன் வேர் இப்போதுதான் கவைவிடத் தொடங்கியிருக்கிறது. இந்தப் பருவத்தில் கெட்ட பல்லை எடுத்தால், பின்னால் இருப்பது முன்னே நகர்ந்து வந்து பெரும்பாலும் இடத்தை நிரப்பிவிடும். பன்னிரண்டு வயதில் அது முளைத்த பிறகு எடுத்தால் சாய்ந்து நிற்கும், இடைவெளி தங்கிவிடும். காப்பாற்ற முடியாத அளவுக்குப் பல் கெட்டிருந்ததால், மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிட்டார். இவ்வளவு பொறுமையான விளக்கத்தை நான் பணம் கட்டிய இடங்களிலும் கேட்டதில்லை.

நான் வசிக்கும் இங்கிலாந்திலும் பிள்ளைகளுக்குப் பல் சிகிச்சை இலவசம்தான். புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் பல் மருத்துவரைத் தேடிப் பிடிப்பதுதான் பாடு. அங்கே ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படும் காரணங்களில் சொத்தைப் பல்லுக்கே முதலிடம். பினாங்கிலோ நியூசிலாந்து முறையைப் பின்பற்றி 1949 முதலே பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பல் தாதியரைப் பயிற்றுவித்து வருகிறார்கள். என் பள்ளி நாட்களில் வெள்ளைச் சீருடையில் வந்த பல் மிஸ்ஸியைக் கண்டால் வகுப்பே கழிப்பறைக்கு ஓடும்.

மருமகனின் தமிழ்ப்பள்ளிக்கும் பல் குழு வந்துபோயிருக்கிறது. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய சம்மதப் படிவம் அவன் பையின் அடியில், நசுங்கிய பிஸ்கட் தூளோடு கிடந்தது. கையெழுத்து இல்லை. இந்தச் சேவையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் படிவத்தோடு "இது இனி முளைக்காத பல்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால் பாதிப் பெற்றோராவது பேனாவைத் தேடுவார்கள்.

மிச்சம் இருந்த மூன்று நிரந்தரக் கடைவாய்ப் பற்களுக்கும் பள்ளமடைப்புப் பூச்சு வைத்தார்கள். பஞ்சு வைத்து உலர்த்தி, பிசினைத் தடவி, நீல விளக்கைக் காட்டினால் முடிந்தது. ஊசியும் இல்லை, துளையிடலும் இல்லை. கூட வந்த ஆறு வயது மருமகளின் வாயையும் மிஸ்ஸி திறந்து பார்த்தார். கீழே இரண்டும் பாதிதான் வெளியே வந்திருக்கின்றன, முழுதாக வந்ததும் அழைத்து வாருங்கள் என்றார். தங்கை அங்கேயே அடுத்த தேதியை வாங்கிக்கொண்டாள்.