நான்காம் நிலை வரை நல்ல வாத்தியார்

பதினோரு மாதங்களாக ஒரே சுடோகு செயலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். திட்டுவதற்கும் கொஞ்சம் இருப்பதால் அதன் பெயர் வேண்டாம். என் கைபேசியில் அதை ஏற்றிக்கொடுத்தவன் தம்பி. அதற்கு முன்பு தாளில்தான் போடுவேன்: ஒன்பதுக்கு ஒன்பது கட்டங்களில், ஒவ்வொரு வரிசையிலும், நெடுவரிசையிலும், மூன்றுக்கு மூன்று பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே முறை வரும்படி நிரப்ப வேண்டும். புதிர் முரண்டு பிடித்தால், மிஞ்சிய இரண்டு எண்களில் ஒன்றை மனம் போனபடி எழுதிவிட்டு, கடைசியில் ஒரே வரிசையில் இரண்டு 9 நிற்பதைப் பார்த்து எல்லாவற்றையும் அழிப்பேன். ரப்பர் தேய்ந்ததுதான் மிச்சம். "அக்கா, நீ யோசிக்கவில்லை, சீட்டுக் குலுக்குகிறாய்" என்று தம்பி சொன்னது சுருக்கென்று தைத்தது. அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை பார்ப்பவள் நான். குத்துமதிப்பாக எதையும் விடமாட்டேன் என்று பெயர் வாங்கியவள்.

இந்தச் செயலியின் உயிர் அதன் துப்புதான். வேறு சில செயலிகளில் துப்புக் கேட்டால் எண்ணையே கட்டத்தில் போட்டுவிடுகின்றன. இது அப்படிச் செய்யாது. முதல் முறை தொட்டால் "7ஐப் பாருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். இரண்டாம் முறை தொட்டால் பார்க்க வேண்டிய கட்டங்களுக்கு நிறம் பூசும். மூன்றாம் முறைதான் எந்த எண் எங்கே வர முடியாது, ஏன் என்று சொல்லும். அப்போதும் விடையை நாம்தான் நிரப்ப வேண்டும்.

எக்ஸ்-விங் என்ற உத்தி எனக்குப் பிடிபட்டது இப்படித்தான். இரண்டாம் வரிசையில் 7 வரக்கூடிய இடங்கள் மூன்றாம், எட்டாம் நெடுவரிசைகளில் மட்டும். ஆறாம் வரிசையிலும் அதே இரண்டு நெடுவரிசைகள். எந்த 7 எங்கே என்று இப்போது தெரியாது, தெரியவும் வேண்டாம். எப்படி அமைந்தாலும் அந்த இரண்டு நெடுவரிசைகளுக்கும் உரிய 7 இந்த நான்கு கட்டங்களுக்குள் முடிந்துவிடும். ஆகவே அவற்றின் மற்றக் கட்டங்களில் குறித்து வைத்த 7 எல்லாவற்றையும் அடித்துவிடலாம். ஒன்றையும் கண்டுபிடிக்காமலே ஐந்து கட்டங்களைச் சுத்தம் செய்த அன்று, கைபேசியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதையே மூன்று வரிசை, மூன்று நெடுவரிசைக்கு விரித்தால் ஸ்வார்ட்ஃபிஷ் என்ற உத்தி. அது கண்ணில் பட எனக்கு இன்னும் நேரம் பிடிக்கிறது.

எக்ஸ்-ஒய்-விங் என்ற உத்தி இதைவிட அழகு. முதல் வரிசை, முதல் கட்டத்தில் 2 அல்லது 5. அதே வரிசையின் ஏழாம் கட்டத்தில் 2 அல்லது 9. முதல் நெடுவரிசையில் கீழே இறங்கினால், ஐந்தாம் வரிசையில் 5 அல்லது 9. மூலையில் 2 வந்தால் வலப்பக்கம் 9 ஆகும். 5 வந்தால் கீழே 9 ஆகும். இரண்டில் ஒன்று 9 என்பது உறுதி. எனவே அந்த இரண்டோடும் வரிசையையோ நெடுவரிசையையோ பகிரும் கட்டத்தில், அதாவது ஐந்தாம் வரிசையும் ஏழாம் நெடுவரிசையும் சந்திக்கும் இடத்தில், 9க்கு வேலை இல்லை. செயலி இதற்கு மூன்றே வரிகளும் இரண்டு அம்புகளும்தான் செலவழிக்கிறது. இந்தச் சிக்கனத்துக்கு முழு மதிப்பெண்.

இப்போது குறைகள். ஒரு கட்டத்தில் வரக்கூடியவை என்று ஓரமாகக் குறித்து வைக்கும் குறிப்பெண்களின் எழுத்துரு மிகப் பொடி. 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியவில்லை. எழுத்தைப் பார்த்தே பிழைக்கும் எனக்கே இந்தக் கதி. குறிப்பெண்களைத் தானாக நிரப்பும் வசதி முதலிலேயே இயக்கத்தில் இருக்கிறது. உள்ளே போனதும் அதை நிறுத்திவிடுங்கள். கையால் குறிக்கும்போதுதான் கண் பழகுகிறது.

யுனீக் ரெக்டாங்கிள் என்ற உத்திக்கான பாடம் அரைகுறை. செவ்வகமாக அமைந்த நான்கு கட்டங்களில் மூன்றில் 3, 8 மட்டும், நான்காவதில் 3, 8, 6 இருந்தால் அங்கே 6 போடச் சொல்கிறது. 6 இல்லாவிட்டால் 3ஐயும் 8ஐயும் இடம் மாற்றி இரண்டு விடைகள் வந்துவிடும். ஒழுங்கான புதிருக்கு ஒரே விடைதான். நியாயம் சரி. ஆனால் அந்த நான்கு கட்டங்களும் சரியாக இரண்டு பெட்டிகளுக்குள் அடங்க வேண்டும் என்பதைப் பாடம் சொல்லவில்லை. நான்கு பெட்டிகளில் சிதறிக் கிடந்த செவ்வகத்தில் அதைப் பிரயோகித்து, ஒரு மாலைப் பொழுதை முழுவதும் பாழாக்கினேன். நான்கு பெட்டிகள் என்றால் இடம் மாற்றும்போது பெட்டிகளின் கணக்கு உதைக்கும், இரண்டாம் விடையே பிறக்காது. இதைத் தாளில் வரைந்து நானாகவே கண்டுபிடித்தேன்.

ஐந்தாம் நிலைக்கு வருவோம். "அதிகடினம்" என்ற பெயர்ப்பலகை. கொடுக்கப்பட்ட எண்கள் குறையக் குறையக் கடினம் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஒரே விடையுள்ள புதிருக்குக் குறைந்தது 17 எண்கள் வேண்டும் என்பதை 2012இல் டப்ளினில் கேரி மெக்குவையர் குழுவினர் கணினியால் அலசிக் காட்டினார்கள். அந்த 17 எண் புதிர்களில் பல, ஓர் எண்ணுக்கு மிஞ்சிய ஒற்றை இடத்தைத் தேடியே முடிந்துவிடுபவை. ஐந்தாம் நிலையில் அப்படிப்பட்டவை மூன்று வந்தன. நான்காம் நிலையில் 25 எண்களோடு வந்த ஒன்றோ என்னை மூன்று இரவுகள் வாட்டியது.

நிஜமாகவே கடினமானது வந்தால் வாத்தியார் சாயம் வெளுக்கிறது. பின்லாந்துக்காரர் அர்த்தோ இங்கலா 2012இல் வெளியிட்ட, 21 எண்கள் மட்டுமே கொண்ட பேர்போன புதிரைக் கையால் உள்ளிட்டுத் துப்புக் கேட்டேன். "இங்கே இதைப் போட்டுப் பாருங்கள், முரண்பாடு வரும்" என்று தொடங்கி, நான்கு திரைகளுக்கு நீளும் சங்கிலி. பெயர் ஃபோர்சிங் செயின். முடிவு தர்க்கப்படி சரிதான், மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கட்டத்தில் தொடங்குவது, ஏன் அந்த எண் என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. எல்லாவற்றையும் முயன்று பார்த்து, பலித்ததைக் காட்டுகிறது. ஏழெட்டுக் கண்ணிகள் என்றால் தலைக்குள் நிற்கும். கண்ணால் பார்த்தே தொடரலாம். நாற்பது கண்ணிகளை யார் பார்த்தது? தம்பியிடம் காட்டினேன். "நீ ரப்பரோடு செய்ததைத்தானே அக்கா இது ரப்பர் இல்லாமல் செய்கிறது?" என்றான். அவனோடு எனக்கு அபூர்வமாக உடன்பாடு ஏற்பட்ட தருணம் அது.

அதனால் ஐந்தாம் நிலைக்கு இப்போது போவதில்லை. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். எழுத்துருவைப் பெரிதாக்கினால் நான்கு. நான்காம் நிலையில் இரவுக்கு ஒரு புதிர், துப்பை ஒரு முறைக்கு மேல் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். இந்த வாரம் தொடங்கியது நான்கு நாட்களாக அப்படியே நிற்கிறது. "2ஐப் பாருங்கள்" என்கிறது. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.