கல்வராயனா, ஜவ்வாதா? புதுச்சேரியிலிருந்து ஒரு ஜீப் வார இறுதி

நாலைந்து வண்டிகள், இரண்டு நாள். புதுச்சேரியிலிருந்து இரண்டு மலைகளுமே எட்டும் தூரம்தான்.

கல்வராயன் மலைக்கு விழுப்புரம், கள்ளக்குறிச்சி வழியாகப் போய் வெள்ளிமலை ஏறலாம்; சுமார் 150 கிலோமீட்டர். கிராமங்களை இணைக்கும் மண்பாதைகள்தான் இங்கே விசேஷம். மழை பெய்தால் செம்மண் வழுக்கும், ஏற்றத்தில் டயர் சும்மா சுற்றும், மெதுவாக, அதிக இழுவையோடு வண்டியை நகர்த்தும் லோ ரேஞ்ச் கியருக்கு அப்போதுதான் வேலை வரும். கயிறு, கொக்கி, டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் மூன்றும் இல்லாமல் போக வேண்டாம். வண்டி ஓட்டத்தான் போகிறோம் என்பவர்களுக்கு என் ஓட்டு இதற்கே.

ஜவ்வாது மலை கொஞ்சம் தள்ளி. திருவண்ணாமலை, போளூர் தாண்டி ஜமுனாமரத்தூர். முக்கியப் பாதை தார்ச்சாலை என்பதால் புதிதாக ஓட்டுபவர்களும் குழந்தைகளும் இருந்தால் இது வசதி. பீமன் அருவி இருக்கிறது. 2.3 மீட்டர் தொலைநோக்கி உள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகமும் இந்த மலையில்தான்.

எந்த மலையானாலும் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் வண்டியை விடக் கூடாது. ஓடைக்குள் இறக்கி வீடியோ எடுக்கும் ஆசாமிகளைக் கூட்டத்தில் சேர்க்காமலிருப்பது நல்லது. அப்புறம், நம்ம ஊர் மது பாட்டில்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எல்லைச் சோதனைச்சாவடியிலேயே பயணம் முடிந்துவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் புதியவர்களோடு கல்வராயன் வேண்டாம்; ஜனவரியில் போகலாம்.