கேமராவின் இருப்பிடப் பதிவை அணைத்து ஐந்து ஆண்டுகள்

2020 ஜனவரியில் பழைய தையல் இயந்திரத்தை விற்க விளம்பரம் கொடுத்திருந்தேன். விசாரித்தவர்களில் ஒருவர், "படம் மங்கலாக இருக்கிறது, டாக்குமெண்டாக அனுப்புங்கள்" என்றார். அனுப்பினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் வாசலில் நின்றார். விலாசத்தை நான் சொல்லவே இல்லை. நான் வேலைக்குப் போனபின் அம்மா தனியாக இருக்கும் வீடு அது. விற்பதாக இல்லை என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியபோது என் கை நடுங்கியது.

மாலையில் அந்தப் படத்தின் விவரங்களைத் திறந்தேன். எடுத்த தேதி, நேரம், அதன் கீழே ஒரு வரைபடம். சிவப்புக் குறி சரியாக எங்கள் மொட்டைமாடியின் மேல் நின்றது. இடத்தைக் குறிக்கும் அட்சரேகை எண்ணில் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் இருந்தாலே சுமார் 11 மீட்டர் வரை நெருங்கிவிடலாம். என் படத்தில் ஆறு இருந்தன. சாதாரணப் படமாக அனுப்பியிருந்தால் செய்தி அனுப்பும் செயலி அதைச் சுருக்கும்போதே இவை உதிர்ந்திருக்கும். கோப்பாக அனுப்பியதால் அப்படியே போய்ச் சேர்ந்திருக்கின்றன.

அன்றே கேமரா அமைப்பில் இருப்பிடக் குறியை அணைத்தேன். இதனால் இழந்தது ஒன்றுதான்: குற்றாலம் என்று தட்டித் தேடினால் படங்கள் வருவதில்லை, தேதியை நினைவுபடுத்தித் தேட வேண்டியிருக்கிறது. பழைய படங்களில் பதிந்த குறி தானாகப் போகாது என்பதையும் கவனியுங்கள்.

2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12, செயலிகளுக்குத் தோராயமான இருப்பிடத்தை மட்டும் கொடுக்க வழி செய்தது. அதாவது சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்பு. வானிலைச் செயலிக்கு இது தாராளம். டாக்சிக்குப் போதாது, ஓட்டுநர் பக்கத்துத் தெருவில் காத்திருந்தார். அதற்கு மட்டும் துல்லியமான அனுமதி, அதுவும் பயன்படுத்தும்போது மட்டும்.

பெயர் இல்லாத தரவுதானே என்று நானும் நினைத்ததுண்டு. ஓட்டம், சைக்கிள் பயணங்களைப் பதிவுசெய்யும் செயலியை நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம், பயனர்கள் சென்ற தடங்களைத் தொகுத்து 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வரைபடத்திலும் பெயர்கள் இல்லை. ஆனால் ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் ராணுவ முகாம்களைச் சுற்றி வீரர்கள் ஓடிய தடங்கள் இருட்டில் கோடுகளாக ஒளிர்ந்தன. 2018 ஜனவரியில் அதைக் கண்டு சொன்னவர் ஓர் ஆஸ்திரேலிய மாணவர். இதைப் படித்த பிறகு, என் நடைப்பயிற்சிச் செயலியில் நடை தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறைத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப்பின் நேரலை இருப்பிடத்தை 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று அளந்து கொடுக்கலாம். இரவு பஸ்ஸில் ஏறியதும் அக்காவுக்கு 8 மணி நேரம் கொடுத்துவிடுவேன். யாருக்கு, எவ்வளவு நேரம் என்பது என் கையில் இருப்பதால் அதில் எனக்கு நிம்மதிதான்.

என் கையில் இல்லாதது மற்றவர்கள் போடும் படம். சென்ற ஆண்டு ஒரு கல்யாணத்தில் சித்தி மகன், மண்டபத்தின் பெயரோடு எங்கள் எல்லோரையும் டேக் செய்துவிட்டான். வீடு பூட்டிக் கிடந்த நேரம். டேக் என் பக்கத்தில் தெரியாமல் தடுக்க அமைப்பு இருக்கிறது. அவன் பக்கத்தில் தெரிவதை அது தடுக்காது. அவனை ஓரமாக அழைத்துத் தையல் இயந்திரக் கதையைச் சொன்னேன். அங்கேயே நீக்கிவிட்டான். இப்போதெல்லாம் நாங்கள் வீடு திரும்பிவிட்டோமா என்று கேட்டபிறகுதான் படங்களைப் போடுகிறான்.