பழைய வீட்டைப் புதுப்பிக்க: பெரியவர் ஒருவர் நடத்தும் நிறுவனமா, மூன்று பேர் சேர்ந்து நடத்தும் நிறுவனமா?

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே எங்கள் தாத்தா வீடு இருக்கிறது. திண்ணை, தாழ்வாரம், முற்றம், மேலே மெட்ராஸ் டெரஸ் என்கிற மரக்கட்டை, செங்கல், சுண்ணாம்புக் கூரை. இதைப் புதுப்பிக்க ஆர்க்கிடெக்ட் தேடியபோது நானும் அக்காவும் நான்கு மாதம் புகைப்படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எந்த நிறுவனம் எந்தக் கட்டிடத்தைச் செய்தது, படத்தில் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டோம். எல்லாப் படமும் வேலை முடிந்த நாளில் எடுத்தது. வேலை நடந்த பதினான்கு, பதினைந்து மாதங்களில் அங்கே யார் முடிவெடுத்தார் என்பது எந்தப் படத்திலும் இல்லை. அதைக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்குத் தெளிவு வந்தது.

இந்தியாவில் ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். பழைய கட்டிட வேலைக்கென்று தனிப் பதிவு கிடையாது. அதனால் ‘பாரம்பரியக் கட்டிட அனுபவம் உண்டு’ என்று யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். அந்த அனுபவம் நிறுவனத்தில் யாரிடம் இருக்கிறது, அவர் நம் வீட்டுக்கு எத்தனை முறை வருவார் என்று நாமேதான் விசாரிக்க வேண்டும்.

எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. மூன்றாவதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆர்க்கிடெக்டே இல்லாமல், ஒரு இன்ஜினியரும் காண்ட்ராக்டரும் சேர்ந்து செய்து தருவது. செலவு குறைவு, வேகம் அதிகம். ஆனால் முதல் நாளே, “டெரஸை எடுத்துட்டு கான்கிரீட் போட்டுடலாம் சார், நூறு வருஷம் கவலையில்ல” என்றார்கள். கடலிலிருந்து இவ்வளவு பக்கத்தில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி என்ன ஆகும் என்று நாங்கள் சுற்றிலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டோம்.

மற்ற இரண்டில் ஒன்று, பெரியவர் ஒருவர் நடத்தும் சின்ன நிறுவனம். முப்பது வருடத்துக்கும் மேலான அனுபவம். இரண்டு தெரு தள்ளி இருக்கும் எங்கள் சித்தப்பா வீட்டை அவர்தான் செய்தார். இன்னொன்று, மூன்று பங்குதாரர்கள் நடத்தும் நிறுவனம். ஒருவர் கட்டிட ஆய்வும் வரைபடமும், ஒருவர் கட்டுமான பலம், ஒருவர் செலவுக் கணக்கும் ஒப்பந்தமும். வீட்டுக்கு ஒருவர் என்று சைட் ஆர்க்கிடெக்ட் போடுகிறார்கள். எங்களுக்கு வந்தவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நாங்கள் இந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தோம். வேலை முடிந்து இரண்டு மழைக்காலம் பார்த்தாகிவிட்டது.

பெரியவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய கண் வேறு யாருக்கும் கிடையாது. எங்கள் வீட்டுக்கு ஒரு முறை வந்து பார்த்தார். தாழ்வாரச் சுவரில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் நின்றார். “இங்கே ஒரு வாசல் இருந்திருக்கு, அப்புறம் அடைச்சிருக்காங்க” என்றார். பின்னாளில் பூச்சை உரித்தபோது அதே இடத்தில் செங்கல் வளைவு இருந்தது. சுண்ணாம்பை எவ்வளவு நாள் ஊறவைக்க வேண்டும், கடுக்காய்த் தண்ணீர் எந்தப் பதத்தில் வேண்டும் என்று அவர் தொட்டுப் பார்த்தே சொல்வார். கொத்தனார்கள் அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். வடிவ அழகு மட்டும்தான் கணக்கு என்றால் நான் இன்றும் அவர் பக்கம்தான்.

கட்டணம், கால அளவு, வரைபடத்தின் தரம் எல்லாவற்றிலும் இரண்டு நிறுவனங்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மூன்று பேர் நிறுவனம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறு ஒரு கேள்வி. சுவரைத் திறக்கும் நாளில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஆள் எங்கே இருப்பார்?

புதுக் கட்டிடத்தில் வரைபடம் போட்டால் முக்கால்வாசி முடிவு எடுத்தாகிவிட்டது. பழைய கட்டிடத்தில் வரைபடத்துக்குப் பிறகுதான் முடிவுகள் ஆரம்பிக்கின்றன. மெட்ராஸ் டெரஸை எடுத்துக்கொள்ளுங்கள். தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, மேலே மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் கோணவாட்டாகச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். கீழே நின்று பார்த்தால் கட்டை நன்றாகத்தான் தெரியும். அதன் நடுப்பகுதி காற்றில் இருக்கிறது. சுவருக்குள் போகும் முனைதான் ஈரத்தில் இருக்கிறது. அதுவும் இடையில் யாராவது சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசியிருந்தால் போதும், ஈரம் வெளியேற வழியில்லாமல் ஓதம் மேலே ஏறி, உப்புப் பூத்து, கட்டை முனை உளுத்துப்போகும். மேலே பிரிக்கும்வரை யாருக்கும் தெரியாது.

பிரித்த அந்த நேரத்தில் முடிவு வேண்டும். முழுக் கட்டையை மாற்றுவதா, முனையை மட்டும் வெட்டிப் புதுத் தேக்கு ஒட்டுப் போடுவதா, பக்கத்தில் துணைக் கட்டை வைப்பதா? மூன்றுக்கும் செலவு வேறு, பலம் வேறு. கூரை திறந்து கிடக்கிறது. பத்து ஆட்கள் கூலிக்கு நிற்கிறார்கள். வானம் இருட்டுகிறது. யாரும் பதில் சொல்லாவிட்டால் மேஸ்திரி தனக்குப் பழகிய வேலையைச் செய்துவிடுவார். இன்றைய மேஸ்திரிகளில் பெரும்பாலோருக்குப் பழகியது சிமெண்ட்தான். அவர்மேல் தப்பில்லை.

சித்தப்பா வீட்டில் இதுதான் நடந்தது. கட்டை முனை உளுத்திருப்பது தெரிந்தபோது பெரியவர் வேறு ஊரில் இருந்தார். அலுவலகத்தில் இருந்த இளைஞர்கள் இரண்டு பேருக்கும் திறமை உண்டு, ஆனால் அவரைக் கேட்காமல் எதையும் சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. பதினொரு நாள் வேலை நின்றது. பன்னிரண்டாம் நாள் மழைக்குப் பயந்து கட்டை முனையைச் சுற்றிக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். பெரியவர் வந்து பார்த்து மிகவும் வருத்தப்பட்டார். அதைத் திரும்ப உடைத்தால் சுவர் தாங்காது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அந்த மூலையில் இன்றும் ஒவ்வொரு கார்த்திகைக்கும் ஈரம் தெரிகிறது.

எங்கள் வீட்டில் மேற்குச் சுவரில் நான்கு கட்டைகள் அதே நிலையில் இருந்தன. “முனை உளுத்துப்போயிருக்கு, மேடம்” என்று மேஸ்திரி காலை பத்து மணிக்குச் சொன்னார். சைட் ஆர்க்கிடெக்ட் அந்தப் பெண் ஏணியில் ஏறி, சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மெல்லிய துளை போட்டு, எத்தனை அங்குலம் வரை மரம் நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொரு கட்டைக்கும் குறித்தார். கட்டுமான பலம் பார்க்கும் பங்குதாரருக்குப் படத்தையும் அளவையும் அனுப்பினார். மாலை நான்கு மணிக்குள் பதில் வந்துவிட்டது. மூன்று கட்டைகளுக்குத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு வைத்துப் புதுத் தேக்கு ஒட்டு, ஒன்றை முழுவதும் மாற்றுவது. மறுநாள் காலை ஆசாரி வந்தார். ஒரு குறிப்பிட்ட தொகை வரை யாரையும் கேட்காமல் முடிவெடுக்கலாம், அதற்கு மேல் போனால் எந்தப் பங்குதாரரைக் கேட்க வேண்டும் என்று சைட் ஆர்க்கிடெக்ட் கையில் ஒரு தாளே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை நான் பார்த்தேன். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த காகிதம் அதுதான்.

பெரிய உதாரணம் ஒன்று சொல்லலாம். பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்தது. கட்டிட வேலைக்குத் தலைமை ஆர்க்கிடெக்ட் பிலிப் வில்நெவ். அவரோடு பாஸ்கல் ப்ருனே, ரெமி ஃப்ரோமோன் என்று இன்னும் இரண்டு பேர். எரிந்துபோன மரக்கூரையை ஃப்ரோமோன் தீ விபத்துக்கு முன்பே, 2014-இல், இன்னொருவரோடு சேர்ந்து கட்டை கட்டையாக அளந்து வரைந்து வைத்திருந்தார். அந்த அளவுகள்தான் புதுக் கூரைக்கு உதவின. மொத்தத் திட்டத்துக்கும் பொறுப்பாக இருந்தவர் ஜெனரல் ழான் லூயி ஜார்ஜ்லான். 2023 ஆகஸ்டில் மலையேறப் போன இடத்தில் இறந்துவிட்டார். அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த பிலிப் ழோஸ்ட் பொறுப்பேற்றார். 2024 டிசம்பரில் தேவாலயம் திறக்கப்பட்டது. எங்கள் வீடு எங்கே, அது எங்கே என்பது தெரியும். ஆனால் தலைவர் போன பிறகும் வேலை நிற்காதபடி ஒரு தலைமையை அமைக்க முடியும் என்பது அதில் தெரிகிறது.

நம் பக்கத்தில், கேரளத்தில் செலவு குறைந்த வீடுகளைக் கட்டிய ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கரைச் சொல்ல வேண்டும். அவர் பெரும்பாலும் புதுக் கட்டிடங்களைக் கட்டியவர்தான். சைட்டில் நின்று, கொத்தனார்களோடு பேசி, கையில் கிடைத்த காகிதத்தில் வரைந்து கொடுத்து வேலை வாங்கியவர். ஒரே ஆள் தலைமைக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அவர் 2007-இல் காலமானார். அந்த வழி இன்னும் தொடர்வதற்குக் காரணம், 1985-லேயே கேரளத்தில் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பு. எங்கள் பெரியவருக்கு அப்படி ஒரு அமைப்பு இல்லை. அவர் கைப்பக்குவம் அந்த இரண்டு இளைஞர்களுக்கு முழுவதும் போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தாலும் உள்ளே கைவேலை தெரிந்தவர்கள் இல்லாவிட்டால் பயனில்லை. பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு 2004-இல் வெளியிட்ட சாசனம், அரசுப் பாதுகாப்பில் வராத பழைய கட்டிடங்களுக்கானது. மரபுக் கைவினைஞர்களின் அறிவுக்கு அது முக்கிய இடம் தருகிறது. மூன்று பேர் நிறுவனத்தில் எனக்கு இருந்த பயமே இதுதான்: மூவரும் படித்தவர்கள், சுண்ணாம்பில் கை வைத்தவர் உண்டா? நேராகவே கேட்டேன். சுண்ணாம்பு வேலைக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வயதான கொத்தனாரை மாதச் சம்பளத்தில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். வேலை நடக்கும்போது அவர் வந்தார். சைட் ஆர்க்கிடெக்ட் அவரை “ஐயா” என்று கூப்பிட்டு, அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார். பெரியவரின் கண் அளவுக்கு இல்லை என்றாலும், எனக்குப் போதுமானதாக இருந்தது.

நீங்கள் தேடிக்கொண்டிருந்தால் ஒரு வழி சொல்கிறேன். நிறுவனம் இப்போது வேலை செய்யும் ஒரு சைட்டுக்குப் போங்கள். ஆர்க்கிடெக்ட் இல்லாத நேரத்தில் மேஸ்திரியிடம், “சந்தேகம் வந்தா யாருக்கு போன் பண்ணுவீங்க? எப்ப பதில் வரும்?” என்று கேளுங்கள். பெரியவரின் சைட்டில் மேஸ்திரி, “ஐயா வர்றப்ப கேட்டுக்குவோம்” என்றார். மற்ற சைட்டில் மேஸ்திரி ஒரு பெயரைச் சொல்லி, “உடனே எடுப்பாங்க, இல்லன்னா சாயந்திரம்” என்றார். எங்கள் முடிவு பாதி அங்கேயே ஆகிவிட்டது. அப்புறம், ஐந்து வருடம் முன்னால் முடித்த ஒரு வீட்டின் சைட் நோட்டை, அதாவது வேலையின்போது நடந்ததைக் குறித்து வைத்த நோட்டை, காட்டச் சொல்லுங்கள். எடுத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். முகப்பு மட்டும் சீரமைக்க வேண்டும், சுவரையும் கூரையையும் தொடப்போவதில்லை என்றால் பெரியவரே சிறந்த தேர்வு. எங்கள் ஊரில் வைசியாள் வீதியின் முகப்புகளைச் சீரமைத்ததற்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அதுபோன்ற வேலையில் ஒட்டுமொத்த அழகைப் பார்க்கும் ஒரு கண் அவசியம். பொதுக் கட்டிடங்களில் எனக்கு அனுபவம் கிடையாது. 2014 மழையில் எங்கள் ஊர் நகராட்சிக் கட்டிடமான மேரி இடிந்து விழுந்ததையும், அதே வடிவில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்ததையும் ஊர்க்காரனாகப் பார்த்ததோடு சரி. அங்கே டெண்டர், துறை அனுமதி என்று வேறு கணக்குகள் உண்டு. இன்னொன்று, சித்தப்பா வீட்டு அனுபவம் ஒரே ஒரு வீடு. பெரியவர் ஊரில் இருந்திருந்தால் அந்தக் கட்டையை எங்கள் ஆட்களைவிட அழகாகவே சரிசெய்திருப்பார் என்று நம்புகிறேன்.

எங்கள் வீட்டைச் செய்த அந்தப் பெண் போன வருடம் பெங்களூருக்குப் போய்விட்டார். ஐப்பசி மழையில் மாடி அறைக் கூரையில் ஒரு சின்ன ஈரத் திட்டு தெரிந்தது. நிறுவனத்துக்கு போன் செய்தேன். மறுநாள் புதிதாகச் சேர்ந்த ஒரு இளைஞர் வந்தார். எங்கள் வீட்டை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கையில் பழைய சைட் நோட்டு. பக்கங்களைப் புரட்டி, “இதுக்கு நேர் மேலதான் ஒரு நாள் போட்டதும் மறுநாள் போட்டதும் சேர்ற இணைப்பு வருது, மேடம் குறிச்சு வச்சிருக்காங்க” என்று சொல்லிவிட்டு நேராக மாடிக்குப் போனார். தட்டோட்டில் முடி அளவு விரிசல் இருந்தது. சுண்ணாம்புச் சாந்து வைத்து அடைத்துவிட்டு, தேதி போட்டு அதே நோட்டில் எழுதினார். இந்த வருட மழைக்கு அது தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.